இடுப்புக்கும் கைக்கும் நடுவில்

அக்கா மகளுக்கு அப்போது 13 வயது. ஒரு நாள் மாலை அவள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பாப் பாடல் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று, வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை இடுப்பில் வைத்திருந்தாள். வைத்திருந்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு. கை இடுப்பைத் தொடவில்லை. இரண்டு விரல் அளவு இடம் விட்டு அந்தரத்தில் நின்றது. பாட்டு முடிந்ததும் திரும்ப ஓடவிட்டாள், திரும்ப அதே மாதிரி நின்றாள். மூச்சு விட்டால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளுமே என்று முகம் சிவக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். அந்த ஷாட் தெரியும். அந்த இடைவெளியும் தெரியும். அதை உண்டாக்கியது நான்.

14 வருடமாக வீடியோ எடிட்டராக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் பாப் பாடல் வீடியோக்கள். வெட்டி ஒட்டுவதோடு வேலை முடியாது. கடைசி வாரத்தில் ‘பியூட்டி வேலை’ என்று ஒரு பட்டியல் வரும். கண்ணுக்குக் கீழே கருவளையம், முகப்பரு, பல்லின் நிறம், அக்குள் மடிப்பு. அதோடு எப்போதும் ஒரு வரி இருக்கும்: “இடுப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க.” கை, தொடை, தாடைக்குக் கீழே இருக்கும் சதை என்று இடம் மாறும், ‘கொஞ்சம்’ மட்டும் மாறாது. இத்தனை வருடத்தில் யாருடைய இடுப்பையாவது வெளியே தள்ளச் சொல்லி ஒரு குறிப்புகூட எனக்கு வந்ததில்லை.

செய்வது இப்படித்தான். மூன்று நிமிடம் நாற்பது விநாடி ஓடும் பாட்டு, நொடிக்கு 25 ஃப்ரேம் (அசையாத தனிப் படம்) என்றால் மொத்தம் 5,500 ஃப்ரேம். அதில் பாடகி முழு உருவமாகத் தெரிகிற ஷாட்டுகளைத் தனியாக எடுத்துக்கொள்வோம். இடுப்பின் இரண்டு ஓரங்களிலும் புள்ளிகள் வைத்து, அவர் அசைய அசைய அந்தப் புள்ளிகளும் கூடவே போகும்படி ட்ராக் செய்வோம். பிறகு அந்த ஓரத்தை, படத்தை வளைக்கிற வார்ப் கருவியால் உள்ளே இழுப்போம். பக்கத்தில் கை இருந்தால் அதுவும் சேர்ந்து இழுபட்டு விரல்கள் நெளியும். அதனால் கைக்கு மட்டும் மாஸ்க் என்ற மறைப்பைப் போட்டு அசையாமல் பிடித்துவைப்போம். அப்போது கை பழைய இடத்திலேயே நிற்கும், இடுப்பு மட்டும் விலகிப் போகும், நடுவில் பின்சுவர் தெரியும். அக்கா மகள் கண்ணாடியில் தேடிக்கொண்டிருந்தது அந்தச் சுவரைத்தான்.

ஆறு விநாடி ஷாட், 150 ஃப்ரேம். அதை முடித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பாடகியே ஒப்புதல் தர வந்திருந்தார். எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். மென்பொருளில் திருத்தம் இருக்கும் அடுக்கின் (லேயர்) பக்கத்தில் கண் மாதிரி ஒரு குறி இருக்கும், அதை அழுத்தினால் திருத்தியது மறையும், மறுபடி அழுத்தினால் வரும். முன், பின், முன், பின் என்று நான் நாலைந்து முறை மாற்றிக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே தன் கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்தார். வைத்துப் பார்த்துவிட்டு, “என் கை எதையுமே தொடலையே” என்றார். கூட வந்தவர், “ஓடுற வேகத்துல யாருக்கும் தெரியாது” என்றார். மறுநாள் காலை வீடியோவை ஒப்படைக்க வேண்டும். பாடகி ‘சரி’ என்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. கையைச் சரியாக இழுத்து ஒட்டவைக்க இன்னும் நாலு மணி நேரம் பிடித்திருக்கும். வார்ப்பையே எடுத்துவிட ஒரு விநாடி போதும். இரண்டையும் நான் செய்யவில்லை.

நானும் குண்டுதான். ‘பூசினாற்போல’ என்று சிலர் நயமாகச் சொல்வார்கள், எனக்கு அந்தப் பூச்சு வேண்டாம். குண்டு என்பது உயரம், கறுப்பு, சுருட்டை முடி மாதிரி ஒரு வர்ணனைச் சொல் என்று நினைக்கப் பழகிக்கொண்டேன், அதற்கு முப்பது வயதுக்கு மேல் ஆனது. அதுவரை அந்தச் சொல் காதில் விழுந்தாலே உடம்பு கூசும். மற்றவர்கள் இடுப்பைக் குறைத்துக்கொண்டே, மடியில் ஒரு பையை வைத்து என் வயிற்றை மறைத்துக்கொண்டு வேலை பார்த்த வருடங்கள் அவை. ஒருமுறை நீண்ட காய்ச்சலில் விழுந்து எழுந்து வேலைக்குத் திரும்பினேன். ஏழு பேர் வந்து, “சூப்பரா இளைச்சிட்டீங்க, எப்படி?” என்று கேட்டார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்கிய உடம்பு அது. பார்த்தவர்களுக்கு அது என் சிறந்த தோற்றம்.

இந்தத் தொழிலுக்குள் இருந்ததால் அதன் பழைய கதைகளையும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். என்னை அசைத்தது மார்த்தா வாஷ் என்ற அமெரிக்கப் பாடகியின் கதை. கண்ணாடியையே உடைத்துவிடும் என்று தோன்றுகிற குரல் அவருக்கு. 1990ல் ‘பிளாக் பாக்ஸ்’ என்ற இத்தாலியக் குழுவின் பாடல்களில் அவர் குரல் ஒலித்தது, வீடியோவில் ஒரு மாடல் அழகி வாயசைத்தார். அதே வருடம் ‘சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி’யின் ‘கானா மேக் யூ ஸ்வெட்’ வந்தது. எல்லோரும் ஆடுங்கள் என்று அதில் கத்துகிற அந்தப் பெண் குரல் மார்த்தாவுடையது. வீடியோவில் அதற்கு வாயசைத்தவர் ஜெல்மா டேவிஸ் என்ற இன்னொரு பாடகி. அந்தப் பாட்டு 1991 தொடக்கத்தில் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. குரலின் சொந்தக்காரி குண்டாக இருந்தார், அதனால் திரையில் இடமில்லை. மார்த்தா வழக்குப் போட்டார். சமரசத்தில் முடிந்தது. அதன் பிறகு அந்த வீடியோவில் குரல் மார்த்தா வாஷ் என்றும், ‘காட்சிப்படுத்தல்’ ஜெல்மா டேவிஸ் என்றும் எழுத்து போட்டார்கள்.

காட்சிப்படுத்தல். அந்தச் சொல்லை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பாடல் வீடியோக்களுக்கென்றே வந்த அமெரிக்கத் தொலைக்காட்சி எம்டிவி 1981 ஆகஸ்ட் 1ல் ஒளிபரப்பைத் தொடங்கி பத்து வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் பாட்டைப் பாடுவது ஒருவர் வேலை, அந்தப் பாட்டாகத் தெரிவது இன்னொருவர் வேலை என்று ஆகிவிட்டிருந்தது. இப்போது இரண்டாவது ஆள் தேவையில்லை. அதே பாடகியின் உடம்பையே கணினியில் இன்னொருவராக மாற்றித் தருகிறோம்.

நான் செய்ததிலேயே என்னை அதிகம் உறுத்துவது இடுப்பு வேலை இல்லை. ஒரு நடனப் பெண்ணைப் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளியது. எட்டுப் பேர் ஆடுகிற காட்சி, அவர் இடப்பக்கக் கடைசியில். பெரிய உடம்பு. ஆட்டம் என்றால் அப்படி ஒரு ஆட்டம், தாளம் விழுவதற்கு ஒரு நூல் முன்னாலேயே தோள் இறங்கும். எடிட் செய்யும்போது என் கண் தானாக அவரிடம்தான் போகும். குறிப்பு வந்தது: “இடது ஓரம் கொஞ்சம் கனமா இருக்கு, சரி பண்ணிடுங்க.” பெயர் இல்லை, குண்டு என்ற சொல்லும் இல்லை. என்ன கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். படம் 4கே தரத்தில் எடுத்தது, கொடுக்க வேண்டியது அதில் பாதி அகலமும் பாதி உயரமும் உள்ள எச்டியில். அதனால் படத்தை இரண்டு மடங்கு வரை பெரிதாக்கினாலும் தரம் குறையாது. நான் 15 சதவீதம்தான் பெரிதாக்கினேன். எட்டுப் பேர் ஏழு பேர் ஆனார்கள். இரண்டு இடங்களில் மட்டும் ஒரு முழங்கை உள்ளே வந்து போகும்.

வீடியோ வெளியான அன்று அவர் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பார்த்தாராம். இதை வேறொரு படப்பிடிப்பில் அவரே சொன்னார், நான்தான் எடிட்டர் என்று தெரியாமல். “முழங்கை என்னுதுதான்னு அம்மாகிட்ட காட்டினேன்” என்றார். நான் அன்றைக்கே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உங்ககிட்ட யார் சொன்னாங்க?” என்று கேட்டார். நான் சொன்னேன். “அவர்தான் என்கிட்ட வந்து பிரமாதமா ஆடினேன்னு சொன்னார்” என்றார்.

இந்த மாதிரி ஒதுக்கல் கூச்சலோடு நடப்பதில்லை, குறிப்புகளில் நடக்கிறது. திரையில் குண்டு உடம்பு வரும்போதெல்லாம் என்னவாக வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். சிரிக்கவைக்க வரும். தின்றுகொண்டே வரும். நாயகியின் தோழியாக, வாயில் காப்போனாக வரும். 1988ல் ஒரு புகழ்பெற்ற பகடிப் பாடகர் குண்டு உடம்பு போன்ற பஞ்சு உடையை மாட்டிக்கொண்டு ஆடிய வீடியோவுக்கு அடுத்த வருடம் கிராமி விருதே கிடைத்தது. மெலிந்தவர் மாட்டிக் கழற்றுகிற வேடமாகக் குண்டு உடம்பு விருது வாங்கியது. அதே உடம்போடு பிறந்து பாடவந்த மார்த்தாவுக்கு இரண்டு வருடம் கழித்துத் தன் சொந்தப் பாட்டிலேயே முகம் இல்லை.

மாறாக நடந்ததும் உண்டு. 1997ல் மிஸ்ஸி எலியட் என்ற அமெரிக்க ராப் பாடகி தன் ‘தி ரெய்ன்’ வீடியோவில் காற்று ஊதிய பெரிய கறுப்பு உடைக்குள் நின்று, மீன்கண் லென்ஸுக்கு நேராக வந்து பாடினார். ஹைப் வில்லியம்ஸ் இயக்கியது. மீன்கண் லென்ஸ் நடுவில் இருப்பதை ஊதிப் பெரிதாக்கிக் காட்டும், அதனால்தான் பாடகிகளைப் படம்பிடிக்கும்போது அதற்குப் பயப்படுவார்கள். தோற்றம் பொருந்தாது என்று முன்பு ஒரு வீடியோவில் தன்னை விட்டுவிட்டு வேறொரு பெண்ணை வைத்துக்கொண்டதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் தன் உடம்பை இன்னும் பெரிதாக்கிக்கொண்டு திரையை நிறைத்தார். எடிட்டராக அந்த வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். எல்லா ஓரமும் வளைந்திருக்கிறது, ஆனால் அவர் கேட்டு வளைந்தது.

2016 மே மாதம் மேகன் ட்ரெய்னர் என்ற அமெரிக்கப் பாடகி தன் ‘மீ டூ’ வீடியோவை வெளியான சில மணி நேரத்திலேயே இணையத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார். இடுப்பைத் தனக்குத் தெரியாமல் குறைத்துவிட்டார்கள், அந்த வடிவத்துக்கு நான் ஒப்புதல் தரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். திருத்தாத வடிவம் மறுநாள் வந்தது. அப்போது எங்கள் எடிட் அறையில் ஒரே பேச்சு. “நம்ம நிலைமை என்ன ஆகும்?” என்று ஒருவர் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை. குறிப்புகள் அப்படியே வந்தன.

அப்புறம் 2022 அக்டோபரில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் ‘ஆன்டி-ஹீரோ’. எடை பார்க்கும் கருவியில் அவர் ஏறி நிற்பார், எண்ணுக்குப் பதில் ‘குண்டு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் தெரியும். எதிர்ப்பு கிளம்பியதும் அந்தச் சொல் தெரிகிற ஷாட்டை எடுத்துவிட்டார்கள். இதில் எனக்கு இரண்டு பக்கமும் வலிக்கிறது. பட்டினி கிடந்த நாட்களைப் பற்றி அவரே 2020ல் வந்த ஆவணப்படத்தில் பேசியிருக்கிறார், அந்தக் காட்சி அவருடைய நிஜமான பயம். ஆனால் அவருக்குப் பயமாக இருப்பது, பார்க்கிற எத்தனையோ பேருக்கு அன்றாடம் வாழ்கிற உடம்பு. என் உடம்பு இன்னொருவரின் கெட்ட கனவில் வருகிற உருவம் என்று திரையில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று குண்டாக இருப்பவரைக் கேட்டால்தான் தெரியும். ஷாட்டை எடுத்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பயத்தை அதே சொல் இல்லாமலும் காட்ட முடியும்.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

கண்ணாடி முன்னால் பார்த்த அன்று நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சில வாரங்களாகவே இரவில் ‘பசிக்கல’ என்று எழுந்து போய்க்கொண்டிருந்தாள். அக்காவும் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “கொஞ்சம் சதை குறைஞ்சா நல்லதுதானே” என்றாள். என் அக்கா கெட்டவள் இல்லை, உலகம் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். மகள் கொஞ்சம் பூசின உடம்பு. ஒல்லியான பிள்ளை சாப்பிடாமல் எழுந்தால் கவலைப்படுவோம், குண்டான பிள்ளை எழுந்தால் ‘கட்டுப்பாடு’ என்று பாராட்டுவோம். ஆபத்தே இந்த இடத்தில்தான். ஒருவர் நிறைய எடை இழந்தும் பார்வைக்குச் சராசரியாகவோ அதற்கு மேலேயோ இருக்கலாம், அப்போதும் அது, எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் ‘அனோரெக்சியா’ என்ற பசியின்மை நோயின் ஒரு வடிவமாக இருக்கலாம் என்று 2013ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டிலேயே தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே நடக்கும் சேதம் பார்வைக்குத் தெரிவதில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் எடையை மட்டும் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது, கவலை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். நான் விடவில்லை. அவளுக்கு முடி கொத்தாக உதிர்ந்தது, எல்லோருக்கும் வியர்க்கும்போது அவளுக்குக் குளிர்ந்தது, மாதவிலக்கு இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது. இதையெல்லாம் ஒரு தாளில் தேதியோடு எழுதி எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போனோம். அவர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்தார், பொட்டாசியம் உட்பட ரத்தப் பரிசோதனை எழுதினார், ஈசிஜி எடுத்தார். பிறகு ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அந்தத் தாள்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. இதே சந்தேகத்தில் இருக்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது, எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் அறையில் பிள்ளை ‘நல்லா சாப்பிடுறேன்’ என்றுதான் சொல்லும்.

கேரன் கார்ப்பென்டர் என்ற அமெரிக்கப் பாடகி 1983 பிப்ரவரி 4ல், 32 வயதில், பசியின்மை நோயால் பலவீனமாகிப்போன இதயம் நின்று இறந்தார். அவர் முதலில் டிரம்ஸ் வாசிப்பவர். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தே பாடப் பிடிக்கும் அவருக்கு. முன்னால் வந்து நில், எல்லோரும் உன்னைப் பார்க்க வேண்டும் என்று எழுப்பிக் கொண்டுவந்தார்கள். அவர் நோய்க்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஒரு நோய்க்கு ஒரே காரணம் இருப்பதில்லை. ஆனால் அந்த டிரம்ஸை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

வீடியோ பார்த்து யாராவது சாப்பிடாமல் இருப்பார்களா என்று கேட்பவர்களுக்கு ஃபிஜி தீவுகளைச் சொல்வேன். ஆன் பெக்கர் என்ற ஹார்வர்டு மானுடவியலாளர் அங்கே ஒரு பகுதியில் 1995ல், தொலைக்காட்சி வந்த புதிதில், வளரிளம் பெண்களிடம் கேட்டபோது எடை குறைக்க வாந்தியெடுப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. 1998ல் வேறொரு தொகுதிப் பெண்களிடம் கேட்டபோது 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். உருண்ட, வலுவான உடம்பை அழகென்று கொண்டாடிய சமூகம் அது. அங்கே பார்த்தது நாடகங்களும் தொடர்களும், பாப் வீடியோ இல்லை. ஆனாலும் மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

ஆலோசகர் எங்களுக்குச் சொன்ன வேலைகள் எளிமையானவை, செய்வதுதான் கஷ்டம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. தட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ அந்த நேரத்தில் பேசாமல் இருப்பது. எடை பார்க்கும் கருவியை வீட்டிலிருந்து எடுத்துவிடுவது. எங்கள் உடம்பை நாங்களே திட்டிக்கொள்வதை நிறுத்துவது. கடைசியாகச் சொன்னது எனக்கும் அக்காவுக்கும் மிகவும் கடினமாக இருந்தது. ‘இந்த உடுப்புல தொப்பை தெரியுது’ என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ண ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. ‘இளைச்சிட்டியே’ என்பதைப் பாராட்டாகச் சொல்வதையும் விட்டோம். பதிலுக்கு என்ன சொல்வது என்று முதலில் வாய் திணறியது. ‘உன்னைப் பார்த்ததுல சந்தோஷம்’ என்றாலே போதும் என்று பிறகு பழகிக்கொண்டோம். இந்தக் கட்டுரையில் எடையோ அளவோ ஒரு எண்கூட நான் தரவில்லை, கவனித்திருப்பீர்கள். இந்தப் பயத்தில் இருப்பவர்கள் அந்த எண்ணைத் தங்கள் எண்ணோடு ஒப்பிடுவார்கள்.

பாட்டு பார்ப்பதைத் தடை செய்யவில்லை. தடுத்திருந்தால் போர்வைக்குள் பார்த்திருப்பாள். அவள் போனின் முன்கேமராவில் ‘பியூட்டி’ வசதி வாங்கிய நாளிலிருந்தே இயங்கிக்கொண்டிருந்தது, அவளுக்கே தெரியாது. அமைப்புகளுக்குள் போய் அணைத்தோம். முதல் நாள் தன் முகத்தைப் பார்த்து அழுதாள். யூடியூபில் எடைக் குறைப்பு வீடியோக்கள் பரிந்துரையில் குவிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ‘ஆர்வமில்லை’ என்று கொடுத்து, பார்த்த வரலாற்றையும் அழித்தோம். பத்து நாளில் பட்டியல் மாறியது. அந்த இடத்தைச் சும்மா விடாமல் அவளுக்குப் பிடித்த டிரம்ஸ் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வீட்டுக் கதவு முன்னால் நானே நடந்து வந்து ஒரு சின்ன வீடியோ எடுத்தோம். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் இடுப்பை அவள் கண் முன்னாலேயே உள்ளே தள்ளினேன். இருபது நிமிடத்தில் நான் வேறொருத்தி ஆனேன். “இப்போ கதவைப் பாரு” என்றேன். என் இடுப்புக்கு நேராகக் கதவின் நிலை வில் மாதிரி வளைந்திருந்தது. “சித்தி, கதவு தொப்பையை உள்ள இழுக்குது!” என்றாள். பல மாதம் கழித்து அன்றுதான் சிரித்தாள்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அடையாளங்கள் சொல்கிறேன். உடம்புக்குப் பக்கத்தில் நேர்க்கோடு ஏதாவது இருந்தால் அதைப் பாருங்கள், கதவு, தூண், தரை ஓடு. வட்டமானதைப் பாருங்கள், முழுப் படத்தையும் உயரவாக்கில் மூன்று நான்கு சதவீதம் இழுத்துவிட்டால் எல்லோரும் ஒல்லியாகிவிடுவார்கள், ஆனால் சக்கரமும் கடிகாரமும் முட்டை வடிவமாகும். நிழலைப் பாருங்கள். உடம்பை வார்ப் செய்கிறவர்கள் சுவரில் விழுந்த நிழலை மறந்துவிடுவார்கள், நானே மறந்திருக்கிறேன். கண்ணாடிப் பிரதிபலிப்பும் அப்படித்தான். கணினியில் யூடியூபை நிறுத்திவைத்து முற்றுப்புள்ளிப் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். அதில் பார்த்தால் ஓடுகிற வேகத்தில் தப்பித்ததெல்லாம் நின்றுவிடும். கணினிக்கு முன்னாலேயே நடக்கிற வேலையும் இருக்கிறது. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நொடிக்கு 48 ஃப்ரேமில் எடுத்து, 24ல் ஓட்டினால் உதடு பாட்டோடு பொருந்தும், உடம்பு மட்டும் கனவில் மிதக்கிற மாதிரி அசையும். அந்த அசைவை யாராலும் நிஜத்தில் ஆட முடியாது. உடம்போடு ஒட்டித் தெரிய உடுப்பின் பின்பக்கம் கிளிப்புகள் வரிசையாக மாட்டியிருக்கும். கேமரா அந்தப் பக்கம் போகாது.

இன்னொரு பழக்கம், எண்ணுவது. ஒரு வீடியோவில் எத்தனை பேர், அதில் குண்டானவர் எத்தனை, அவர் முகம் எத்தனை விநாடி தெரிகிறது, அப்போது என்ன செய்கிறார். அக்கா மகள் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். நான் சொல்லிக்கொடுத்ததைவிட அந்த நோட்டு அவளுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

தொழிலில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். நான் இப்போது உடம்பின் வடிவத்தை மாற்றச் சொல்லும் குறிப்பு வந்தால், சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலை எழுத்தில் கேட்கிறேன். வேலையை மறுப்பதாக இல்லை, அவருக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்கிறேன். முக்கால்வாசிக் குறிப்புகள் அத்தோடு காணாமல் போகின்றன, ஏனென்றால் அவரிடம் அதை முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் என்னை விட்டுப் போனார்கள். அது கையைக் கடிக்கத்தான் செய்தது. பாடவோ ஆடவோ போகிறவர்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள், உடல் வடிவத்தை மாற்றினால் வெளியிடும் முன் எனக்குக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று. ‘ஓரம் கனமா இருக்கு’ என்று யாராவது சொன்னால், “எது கனமா இருக்கு?” என்று திருப்பிக் கேளுங்கள். நான் அன்றைக்கு அதைக் கேட்டிருக்க வேண்டும்.

எட்டு மாதம் ஆனது அவள் தேற. நடுவில் இரண்டு முறை பின்னடைவு. இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த நான், அந்த ஒரு வீடியோவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு இன்னும் பலம் வரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அது உண்மை. மீதி, அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்ற பயம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கணினி முன்னால் உட்கார்ந்து முற்றுப்புள்ளிப் பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது.

“சித்தி, இங்க வாங்களேன்.”

போனேன். அந்தப் பாடகி, அந்தச் சுவர், அந்த ஷாட். அவள் திரையில் விரலை வைத்துக் காட்டினாள்.

“கை தொடவே இல்ல பாருங்க. நான் இதை எத்தனை நாள் செஞ்சு பார்த்தேன் தெரியுமா?”

“தெரியும்” என்றேன். நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அதைச் செஞ்சது நான்தான்.”

அவள் என்னைப் பார்த்தாள், திரும்பித் திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பி, “எப்படிச் செஞ்சீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க” என்றாள்.